பாகாலாவில் பத்தாவது ஆள்

நேற்று மத்தியானம் சாப்பிட்ட கையோடு போனில் ஒரு தொடரைப் போட்டுவிட்டுப் படுத்தேன். இரண்டாவது பகுதியிலேயே கண் அசந்துவிட்டது போல. முழித்துப் பார்த்தால் படம் நின்றுபோய், “இன்னும் பார்க்கிறீர்களா?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இதே கேள்வியைக் கேட்கத் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் இடிபட்டு ஏறி, புத்தூர், பாகாலா, சித்தூர் என்று வெயிலில் வீடு வீடாகக் கதவைத் தட்டியவள் நான். என்னை வாசலில் நிற்க வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போனவர்கள் எத்தனை பேர் தெரியுமா? இது என்னடாவென்றால் நோகாமல் கேட்கிறது.

என்ன வேலை அது என்று கேட்பீர்கள். யார் டிவியில் எதைப் பார்க்கிறார்கள் என்று எண்ணும் கம்பெனி. பொறுக்கி எடுத்த சில வீடுகளில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வைப்போம். எந்த சேனல் ஓடுகிறது என்பதை அது தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். எதிரே உட்கார்ந்திருப்பது மாமியாரா மருமகளா என்பது மட்டும் பாவம் அதற்குத் தெரியாது. அதற்காக ஒரு ரிமோட். வீட்டில் ஆளுக்கொரு பட்டன். உட்கார்ந்தால் அமுக்கணும், எழுந்து போனால் மறுபடியும் அமுக்கணும். விருந்தாளி வந்தால் அதற்குத் தனி பட்டன், ஆணா பெண்ணா, வயசு என்ன என்பதையும் தட்டணும். அந்த வீட்டில் பெட்டி இருப்பது வெளியே ஒரு ஈ காக்கைக்கும் தெரியக் கூடாது. பெட்டியை வைப்பதும், பட்டனை அமுக்கச் சொல்லிக் கெஞ்சுவதும் என் உத்தியோகம்.

ரகசியம் என்பதால் வீட்டில் “டிவி வேலை” என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். நகரி பக்கம் எங்கள் ஊர். அவ்வளவுதான், ஊரே என்னைத் திரையில் தேட ஆரம்பித்துவிட்டது. “இன்னாம்மா, கண்ணு முழிச்சிக்கினு பாக்கறோம், ஒரு நாளுகூட வர மாட்டேன்றியே” என்று பக்கத்து நிலத்துக்காரர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். என் அப்பாவுக்கு, நைனா என்றுதான் கூப்பிடுவேன், அதில் ரொம்ப அவமானம். “ஆறு மாசம் பாப்பேன். வேலை பர்மனெண்ட் ஆகலன்னா ஊட்டுக்கு வந்துடு. சத்தியவேட்டுல ஒரு பையன் கீறான்” என்று சொல்லிவிட்டார். பையன் நல்லவனாகவே இருக்கலாம், எனக்கென்ன தெரியும்? எனக்கு பஸ்ஸும் வெயிலும் என் கையில் இருந்த அடையாள அட்டையும்தான் பிடித்திருந்தது. அந்த ஆறு மாதம் முடிய பத்து நாள் இருக்கும்போது பாகாலாவிலிருந்து வினை வந்தது.

பாகாலாவில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தெருவில் வசந்தா அக்கா வீடு. அக்கா, ரயில்வேயில் வேலை பார்க்கும் அவர் வீட்டுக்காரர், திருப்பதி காலேஜுக்குப் போய் வரும் மகள், மொத்தம் மூன்றே பேர். முதலில் பெட்டியே வேண்டாம் என்றார்கள். நான் விடுவேனா? “அக்கா, நீங்க ஒருத்தர் பாத்தா ஆயிரக்கணக்கான பேர் பாத்த மாதிரி. நீங்க பாக்கலன்னா அந்த சீரியலையே தூக்கிடுவாங்க” என்று அளந்துவிட்டேன். அதோடு விட்டேனா, “ஆள் இல்லாம பட்டனை அமுக்கினா சாமி கண்ணக் குத்தும்” என்று வேறு பயமுறுத்தினேன். அக்கா பயபக்தியோடு ரிமோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

திருப்பதி ஆபீஸில் எங்கள் சூப்பர்வைசர் தெலுங்குக்காரர், பெண்ணே என்பதற்கு ‘அம்மாயி’ என்பார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். “இதேமி அம்மாயி? மூணு பேர் வீடு. மத்தியானம் ஒன்றரை மணிக்குத் தினமும் ஒன்பது பேர். சத்திரமா நடத்தறாங்க?” அக்கா சும்மா உட்கார்ந்து பட்டனாக அமுக்கித் தள்ளுகிறார்கள் என்றே நினைத்தேன். மறுநாளே பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்ததும் அவித்த வேர்க்கடலை வாசனை. இன்றைக்கும் தள்ளுவண்டியில் அந்த ஆவி பறந்தால் எனக்கு ஒன்றரை மணி சீரியலின் பாட்டு காதில் கேட்கும். உள்ளே பார்த்தால், சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்பது பேர்! அக்கா நடுவில். சுற்றிலும் தெருப் பெண்கள் எட்டு பேர் கடலையை உரித்துத் துன்னுக்கினு இருக்கிறார்கள். அதில் நாலு பேருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. “ஏமண்ட்டுந்தி, ஏமண்ட்டுந்தி” என்று கேட்டுக்கொண்டே இருக்க, கதாநாயகி என்ன சொல்கிறாள் என்று அக்கா தெலுங்கில் சொல்லிக்கினே இருக்கிறார்கள். கஸ்தூரி என்று ஒரு அம்மாள் மூலையில் குறட்டை.

அக்காவைச் சமையல்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய், “என்னக்கா இது?” என்றேன்.

“இன்னா இது? நீதான சொன்ன, நான் ஒருத்தி பாத்தா ஆயிரம் பேருன்னு. சீரியல்ல அந்த மருமவ காணாம போயி மூணு மாசம் ஆவுது. ஒருத்தன் தேடல. இப்ப சீரியலையே நிறுத்தப் போறாங்களாம். அவ ஊடு போய்ச் சேர வேணாமா?”

“அதுக்குன்னு...”

“சும்மா அமுக்கினா சாமி கண்ணக் குத்தும்னியே. அதான் நெஜமாவே ஆள இட்டாந்து உக்கார வச்சிக்கிறேன். ஒரு பட்டன்கூடப் பொய் கிடையாது, வேணும்னா தலைய எண்ணிக்கோ.”

“கஸ்தூரியம்மா தூங்கறாங்களேக்கா!”

“தூங்கட்டுமே. ரூம்ல இருந்தா அமுக்குன்னுதான நீ சொன்ன?”

என் சட்டத்தையே எனக்குத் திருப்பிப் படித்துவிட்டு, கையில் ஒரு கிண்ணம் கடலையைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் நானே அந்த மருமகளுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், வெட்கம்தான். கிளம்பும்போது அக்கா பெருமையாகச் சொன்னார்கள்: “உனக்கும் ஒண்ணு அமுக்கிட்டேன். வயசு இருவத்தி மூணுன்னு போட்டுக்கிறேன், சரிதான?”

மறுநாள் சூப்பர்வைசர் மேஜையில் இருந்த தாளில் பத்து பேர். பத்தாவது ஆள் பெண், வயது இருபத்து மூன்று. நடந்ததையெல்லாம் ஒப்பித்தேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்கக்கூட இல்லை. “ரெண்டில் ஒண்ணு எழுது அம்மாயி. அந்தம்மா இஷ்டத்துக்குப் பொய்யா அமுக்கினாங்கன்னா பெட்டியை எடுத்துட்டு வேற வீடு பாக்கலாம். இல்ல, ஒரு ஆளு ஆயிரம் பேருக்குச் சமம்னு தெரிஞ்சு ஆள் சேத்தாங்கன்னா, அவங்களுக்கு அத சொன்னது யாருன்னு மேல கேப்பாங்க.”

எனக்கு நைனா நினைவுக்கு வந்தார். சத்தியவேடு நினைவுக்கு வந்தது. பேனாவை எடுத்து, “உறுப்பினர் பொய்யாகப் பட்டன் அமுக்கியுள்ளார்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வேலைக் காலத்தில் நான் பார்த்த ஒரே நூற்றுக்கு நூறு உண்மையான வீடு அது. அதைத்தான் பொய் என்று எழுதினேன். எழுதிய பிறகு நாலு நாள் சோறு இறங்கவில்லை.

பெட்டியைக் கழற்றப் போனபோது அக்கா முகம் வாடிப்போயிற்று. “நான் இன்னா தப்பு பண்ணேன்?” என்றார்கள். “ஒண்ணுமில்லக்கா, மெஷின் ரிப்பேர்” என்றேன். “நாளையிலேர்ந்து நான் பாத்தா கணக்குல வராதா?” என்று கேட்டார்கள். நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கடலைப் பொட்டலம் ஒன்றைப் பையில் திணித்துத்தான் அனுப்பினார்கள். இரண்டே வாரத்தில் சீரியல் நின்றது. மருமகள் காணாமல் போனவள் போனவள்தான். எனக்கு வேலை பர்மனெண்ட் ஆனது.

இன்றைக்கும் அதே தொழில்தான், நாற்காலிதான் கொஞ்சம் பெரிசு. வெயிலில் அலைய வேண்டியதில்லை. யார் எந்த இடத்தில் நிறுத்தினார், எந்தப் பாட்டைத் தள்ளிவிட்டார், எந்தக் காட்சியில் சலித்துப்போய் வெளியே ஓடினார் என்று எல்லாவற்றையும் போனே சொல்லிவிடுகிறது. சண்டையெல்லாம் வேறு மாதிரி. ரெண்டு நிமிஷம் எட்டிப் பார்த்தாலே ஒரு பார்வை என்கிறான் ஒருத்தன். முழுசாகப் பார்த்தால்தான் சேர்ப்பேன் என்கிறான் இன்னொருத்தன். ஒரே போனில் ரெண்டு பேர் தலையைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் எப்படி எண்ணுவது என்று கூட்டம் போட்டுப் பேசுகிறோம். கடைசியில் டீயைக் குடித்துவிட்டுக் கலைகிறோம்.

போன மாதம் திருமலை அடிவாரத்தில், அலிபிரியில் படியேற வந்த கூட்டத்தில் வசந்தா அக்காவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. என்னை உடனே கண்டுபிடித்துக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தெருப் பெண்களைப் பற்றிக் கேட்டேன். “யாரு வராங்க இப்ப? அவங்கவங்க ஊட்டுல அவங்கவங்க போனு. கஸ்தூரிக்கு அவ புள்ள வாங்கிக் குட்த்துட்டான், அதை வச்சிக்கினுதான் தூங்கறா. நானும் என் பொண்ணும் ஒரே ரூமுல உக்காந்துக்கினு ஆளுக்கொண்ணு பாக்கறோம். கடலை அவிக்கறதே இல்லம்மா, யாருக்கு அவிக்கறது?” சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள்.

அப்புறம் படியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டு நிமிர்ந்து, திடீரென்று கேட்டார்கள்: “அந்த மெஷின் மட்டும் அன்னிக்கு ரிப்பேர் ஆவாம இருந்திருந்தா, அந்த மருமவப் பொண்ணு ஊடு போய்ச் சேந்திருப்பா, இல்ல?”

மலையைப் பார்த்துக்கொண்டு, “சேந்திருப்பாக்கா” என்றேன்.