வெறும் ஸ்லைடில் மிளகாய்த் தூள்

குல்சார் பேகம் அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பாதிக் கோபம் அக்கா மேல், பாதி அந்த வாத்தியார் மேல்.

விருதுநகரில் எங்கள் மிளகாய் மண்டிக்கு மாடியில் ஒரு லேப் உண்டு. வெளிநாட்டுக்குப் போகிற வத்தல் தூளில் செங்கல் பொடியோ மரத்தூளோ கலந்திருக்கிறதா என்று அக்கா மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வார். சீனிவாசகம் என்கிற நான் பக்கத்து மேஜையில் ரிப்போர்ட் டைப் அடிப்பேன். 2006இல் அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. கட்டிக்கொண்டவர் மலேசியாவுக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார். பிள்ளை கிடையாது. அம்மாவும் போய்ச் சேர்ந்தபிறகு, பெருநாளைக்குக்கூட லேப்பைத் திறக்கலாமா என்று முதலாளியிடம் கேட்ட மனுஷி அவர்.

அந்த ஆவணியில்தான் செழியன் வந்தார். மதுரையில் ஒரு கல்லூரியில் சரித்திர வாத்தியார். படியேறி முடிப்பதற்குள் ஏழெட்டுத் தும்மல். கீழே மலையாய் வத்தல் மூட்டை கிடக்கிற கட்டடம். வெளியூர்க்காரர்கள் தும்மாமல் மேலே வந்ததில்லை. எங்களுக்கு அது பழகிப்போய்விட்டது.

திருத்தங்கல் பக்கம் ஒரு வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்டியபோது நாயக்கர் காலத்துப் பானை ஒன்று கிடைத்ததாம். அதன் உள்ளே ஒட்டியிருந்த கருப்புப் பொருக்கைச் சுரண்டி ஒரு குப்பியில் கொண்டுவந்திருந்தார். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாதாரண வீட்டில் என்ன ஆக்கித் தின்றார்கள் என்று அக்கா பார்த்துச் சொல்ல வேண்டும்.

அரிசி இருந்தது. கொள்ளு இருந்தது. நாலாவது ஸ்லைடில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். மிளகாய் விதைத் தோலை லென்ஸில் பார்த்தால் ஆட்டுக்குடல் மாதிரி நெளிநெளியாக இருக்கும். அது இருந்தது, பக்கத்தில் சிவப்பு எண்ணெய்த் துளிகளும். வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய மிளகாய் எப்போது நம் ஊர் அடுப்புக்கு வந்தது என்பதற்கு அவர் தேடிக்கொண்டிருந்த சாட்சி அது.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் வந்தார். இரண்டு பேரும் மாறி மாறி லென்ஸில் பார்ப்பார்கள். அக்கா டிராயரிலிருந்து சாத்தூர் சேவுப் பொட்டலத்தை எடுத்து வைப்பார். கூட வேலை பார்த்த பதினோரு வருஷத்தில் அக்கா அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. தை மாதம் மதுரையில் ஒரு கருத்தரங்கு, நீங்கள்தான் மேடையேறிப் படம் காட்டிப் பேச வேண்டும் என்றார் வாத்தியார். அக்கா புதுச் சேலை எடுத்தார். என்னை உட்காரவைத்துப் பேசிப் பழகினார்.

கருத்தரங்குக்குப் பத்து நாள் இருக்கையில் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இங்கன வாங்க. இந்தச் சிவப்பு எம்புட்டுப் பளிச்சுனு இருக்கு பாருங்க."

"நல்லதுதானக்கா."

"நம்ம குடோன்ல ஒரு வருசம் கிடந்தாலே வத்தல் வெளுத்துப்போகுது. முந்நூறு வருசம் மண்ணுக்குள்ள கிடந்தது எப்பிடித் தம்பி இப்பிடி இருக்கும்?"

கழுவித் துடைத்த வெறும் ஸ்லைடில் ஒரு சொட்டு கிளிசரின் விட்டு மேஜையில் திறந்து வைத்தார். மறுநாள் பார்த்தால் அதே நெளிவு, அதே சிவப்பு. எங்கள் காற்றில் பறக்கிற தூள்தான் அது. வாத்தியாரின் பொருக்கிலும் அதுதான் விழுந்திருந்தது.

அப்போதும் அக்கா விடவில்லை. மிச்சப் பொருக்கை வீட்டில் வைத்துப் பார்க்கலாமே என்று ஒரு வெறும் ஸ்லைடை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்து எடுத்துவந்தார்.

"அங்கனயும் மிளகா இருக்கு தம்பி. என் சேலையிலயே ஒட்டிட்டு வந்திருக்கு." லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தார். "நூலும் கிடக்கு. எல்லாம் என் சேலை நூலுதான். வேற ஆளு நூலு ஒண்ணுகூட இல்ல."

நானும் அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் கத்தினேன்.

"வாய மூடிட்டு மதுரைக்குப் போயிட்டு வாங்கக்கா. யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே தம்பி."

"சொன்னா அந்த மனுசன் அப்புறம் இந்தப் பக்கம் வருவாரா?"

"வர மாட்டாக," என்றார். பிறகு போனை எடுத்தார்.

"சார், அது உங்க பானையில இருந்த மிளகா இல்ல. எங்க மண்டி மிளகா." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அக்கா "சரிங்க, சரிங்க" என்று நாலு தரம் சொல்லி வைத்துவிட்டார்.

பங்குனியில் வாத்தியாரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பானையில் மிச்சமிருந்த பொருக்கை வேறு ஊர் லேப்புக்கு அனுப்பினாராம், அரிசியும் கொள்ளும்தானாம். தங்கள் நேர்மைக்கு நன்றி என்று முடித்திருந்தார். நன்றியாம். ஒரு சனிக்கிழமை வந்து ஒரு கிளாஸ் டீ குடித்திருந்தால் குறைந்தா போயிருப்பார்? அக்கா அந்தக் கடிதத்தை ஃபைலில் வைத்துவிட்டு, கொச்சிக்குப் போகிற லோடின் சாம்பிளை எடுத்தார்.

இப்போதும் காலையில் வந்ததும் முதலில் வெறும் ஸ்லைடைத்தான் பார்க்கிறார். புதுச் சேலையை லேப்புக்கே கட்டி வந்து பழசாக்கிவிட்டார். சனிக்கிழமைகளில் படியில் யாராவது தும்மினால் மட்டும் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்து, சேவுப் பொட்டலம் இருக்கிற டிராயரை இழுத்துப் பார்ப்பார். கூரியர்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டே உள்ளே வருவார். அக்கா டிராயரை மூடிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.