உட்கார்ந்து பார்த்து வாங்கிய டிவி

1. முதல் நாள்

வில்லியனூர் கடைத்தெருவில் டிவி, பிரிட்ஜ் விற்கும் கடையில் கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு பெரிய டிவியை ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். தூசி இருந்தது, துடைத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். சிவா என்ற சேல்ஸ்மேன் கடையின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தான்.

"ஆயா, ஆயா! இன்னா பண்ற? இது இன்னா ஜன்னலா? பேனல்ல தண்ணி எறங்கிச்சின்னா உன் வேலையும் போச்சு, என் வேலையும் போச்சு!"

அப்புறம் அவனே ஒரு மெத்தென்ற துணியைக் கொண்டுவந்து கொடுத்தான். "அமுக்காத. கொழந்த மொகத்த தொடைக்கிற மாதிரி தொடை" என்றான். அன்றிலிருந்து அப்படித்தான் துடைக்கிறேன்.

காலையில் டிவிகளை ஆன் செய்வதற்கு முன்னால் துடைத்து முடிக்க வேண்டும். எல்லாம் கறுப்பாக இருக்கும். ஒவ்வொன்றிலும் என் முகம் தெரியும். ஆன் செய்த பிறகு எல்லா டிவியிலும் ஒரே படம் ஓடும். அதற்கு டெமோ என்று பெயர். பூ விரியும், கலர் கலராக மீன் போகும், வெள்ளைக்கார ஊர் மலை தெரியும், ஒரு சொட்டுத் தேன் மெதுவாக விழும். மறுபடியும் பூ. எந்த மீனுக்குப் பின்னால் எந்த மீன் வரும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு டிவிக்கும் இன்னொரு டிவிக்கும் என்ன வித்தியாசம் என்பது தெரியாது. சில கஸ்டமர்கள் நானும் கடை ஆள்தானே என்று என்னிடம் கேட்பார்கள். நான் சிவாவைக் கைகாட்டிவிட்டு பிரிட்ஜ் வரிசைக்குப் பின்னால் போய்விடுவேன். வெளியாட்களிடம் எனக்குப் பேச்சு வராது.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக எதையாவது எழுதிக் கொடு என்று முதலாளி வீட்டு அம்மா கேட்டார்கள். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். தெரிந்ததை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு டிவி விற்ற கதை என்னிடம் இல்லை. எங்கள் வீட்டுக்கு டிவி வாங்கிய கதைதான் இருக்கிறது.

2. எங்கள் வீட்டு டிவி

பண்டசோழநல்லூரில் நானும் என் தங்கை வசந்தாவும் இருக்கிறோம். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. பேச்சும் வரவில்லை. பள்ளிக்கூடமும் போகவில்லை. ஆனால் எதிரில் இருப்பவர் வாய் அசைவதைப் பார்த்தே என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்வாள். தூரத்தில் நின்று அவளைப் பற்றிப் பேசினால்கூடத் தெரியும். அதனால் எங்கள் தெருவில் அவள் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு யாரும் வம்பு பேச மாட்டார்கள்.

எங்கள் பழைய டிவி பின்பக்கம் பெருத்த டிவி. அதன் ஸ்பீக்கர் பல வருடங்களுக்கு முன்பே போய்விட்டது. ரிப்பேர் செய்யவில்லை. நான் பகலெல்லாம் கடையில் இருப்பேன், அவளுக்குச் சத்தம் எதற்கு? சாயங்காலம் நான் வந்ததும் இருவரும் தரையில் உட்கார்ந்து ஒரு சீரியல் பார்ப்போம். டிவியில் பேசுகிறவர்களின் வாயைப் பார்த்து அவள் கதையைக் கையால் எனக்குச் சொல்லுவாள். அக்கா, தங்கை இரண்டு பேர் ஒரு பெரிய வீட்டில் இருக்கிறார்கள். மீசைக்காரன் ஒருவன் அந்த வீட்டைப் பிடுங்கப் பார்க்கிறான். தங்கை விடமாட்டேன் என்கிறாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் கையைப் பார்ப்பேன். டிவியைவிட அவள் கையைத்தான் அதிகம் பார்த்திருப்பேன்.

ஒரு மழை நாளில் இடி இடித்த பிறகு அந்த டிவி வரவே இல்லை. மெக்கானிக் வந்து பார்த்து, "இதுக்கு பார்ட்ஸே வர்றதில்ல மா" என்று போய்விட்டார்.

வசந்தா அழவில்லை. சாயங்காலமானதும் வழக்கம்போல வந்து, செத்த டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லாமல் போனது. பகல் முழுக்கத் தனியாக இருக்கிறவள். அவளோடு பேசிக்கொண்டிருந்த முகமெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. சீட்டு எடுத்து ஒரு HD டிவி வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். அவளுக்கு முகம் தெரிய வேண்டும், வாய் தெரிய வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

3. எல்லாரும் சொன்னது

டிவிக் கடையிலேயே வேலை பார்க்கிறோம், வாங்குவது சுலபம் என்று நினைத்தேன். அதுதான் தப்பு.

சிவா சொன்னான்: "HD ரெடி எடுக்காத ஆயா. ஃபுல் HD எடு."

"ரெடின்னா இனிமேதான் HD வருமாப்பா?"

"அய்ய. ரெடின்னா HDதான். ஆனா ஃபுல்லு கெடையாது."

"அப்ப அரையா?"

"நீ ஃபோர் கே எடுத்துடு, கொழப்பமே இல்ல."

இன்னொரு சேல்ஸ்மேன் பிரபு வந்து, உன் ஊர் கேபிளுக்கு ஃபோர் கே எதற்கு, முப்பத்திரண்டு இன்ச் போதும் என்றான். டெலிவரிக்காரர், பெருசா வாங்கு, கண்ணுக்கு நல்லது என்றார். டீ கொண்டுவருகிறவர், பெருசு கண்ணுக்குக் கெடுதல் என்றார். பாகூரிலிருந்து மிக்சி வாங்க வந்த ஒரு அம்மா நின்று கேட்டுவிட்டு, "சவுண்டு பாத்து வாங்கு மா. எங்க வூட்ல வாங்கனது கெணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி கீது" என்றார். சவுண்டு வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் சிவா சவுண்ட் பார் பற்றி ஆரம்பித்துவிட்டான்.

துடைக்கும்போது ஒவ்வொரு டிவியையும் உற்றுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பூ நன்றாக இருந்தது. எல்லாவற்றிலும் மீன் நன்றாக இருந்தது. கடைசியில் வாசலோரம் மூலையில் ஓடும் டிவியை எடுத்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். எதனால் என்றால், அதைத்தான் தினமும் முதலில் துடைப்பேன். பழகின முகம் மாதிரி இருந்தது. வேறு காரணம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

4. வசந்தா கடைக்கு வந்தாள்

என் லீவு நாளில் அவளையும் கூட்டிக்கொண்டு மடுகரை பஸ்ஸில் ஏறி வந்தேன். அந்தக் கடைக்குள் கையில் துடைக்கும் துணி இல்லாமல் நான் நுழைந்தது அன்றுதான். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மத்தியான நேரம், கூட்டம் இல்லை. முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

சிவா ஒவ்வொரு டிவியாகக் காட்டினான். வசந்தா ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றாள். பூவைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, தன் உதட்டைத் தொட்டுக் கையை விரித்தாள். ஆள் எங்கே என்று அர்த்தம்.

"சின்ன ஆயா இன்னா கேக்குது?" என்றான் சிவா.

"ஒண்ணுமில்ல பா" என்றேன். ஆள் பேசுகிற படம் போடச் சொல்லிக் கேட்க எனக்குக் கூச்சம். இத்தனை வருடமாக மீனும் பூவும்தான் ஓடுகிறது, நாம் என்ன புதிதாகக் கேட்பது?

சிவா வாஷிங் மெஷின் பக்கம் போய் பிரபுவிடம் ஏதோ பேசினான். நாங்கள் நின்ற இடத்துக்கு ஒன்றும் கேட்காது. வசந்தா என் புடவையை இழுத்தாள். மூலை டிவியைக் காட்டினாள். கன்னத்தில் கையை வைத்துத் தூங்குவது போலச் செய்தாள். இரண்டு கையாலும் என்னைத் தள்ளினாள். பிறகு சிவாவின் வாயைக் காட்டினாள். வருடக்கணக்காகக் கிடப்பதை என் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று எனக்குப் புரிந்தது.

முகம் சுட்டது. நான் மனதில் வைத்திருந்ததும் அதே டிவிதான். வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. போனால், மறுபடியும் அவள் அந்தச் செத்த டிவி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவாள்.

"சிவா, அந்த மூல டிவி வேணாம் பா" என்றேன். "வருசமா கெடக்குதுன்னு நீயே சொன்ன."

"நான் எப்ப ஆயா சொன்னேன்?"

"இப்பதான். பிரபு கிட்ட."

அவன் வாஷிங் மெஷினைத் திரும்பிப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அங்க பேசினது உனக்கு எப்டி கேட்டுது?"

"எனக்குக் கேக்கல. இவளுக்குத் தெரிஞ்சிது."

பிரபு சிரித்துவிட்டான். "மாட்டினியா மச்சான்!"

முதலாளி எழுந்து வந்தார். "இன்னாடா அது?"

"ஒண்ணுமில்ல சார். டிஸ்ப்ளே பீஸ் கொறஞ்ச வெலைக்கு வருமேன்னு, ஆயாவுக்காகத்தான்..."

"அப்ப அவங்க கிட்டயே சொல்றதுக்கு இன்னா? காலைல இருந்து ராத்திரி வரைக்கும் ஓடின பீஸ நம்ம ஆளுக்கே தள்ளுவியா?"

வாயைத் திறந்தாகிவிட்டது, இனி மூடினால் மறுபடி வராது என்று மீதியையும் சொல்லிவிட்டேன். "சார், ஆள் பேசற படம் போடச் சொல்லுங்க. மீனு, பூவு வேணாம். இவளுக்கு வாய் தெரியணும்."

முதலாளி என்னையே பார்த்தார். "தனம், நீ இவ்ளோ பேசி நான் பாத்ததே இல்ல" என்றார். தன் ரூமில் நியூஸ் பார்க்க வைத்திருந்த கேபிள் பாக்ஸை ஒயரோடு கொண்டுவரச் சொன்னார்.

முதலில் பெரிய ஃபோர் கே டிவியில் மாட்டினார்கள். நியூஸ் படிக்கும் பெண்ணின் முகம் வந்தது. எனக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது. தேன் சொட்டு அவ்வளவு தெளிவாகத் தெரிந்த டிவியில் அந்தப் பெண்ணின் வாய் கலைந்த கோலம் மாதிரி இருந்தது.

"சாதா பாக்ஸு ஆயா, அதான்" என்றான் சிவா. இப்போது அவன் குரலில் பழைய வேகம் இல்லை. "சின்னப் படத்த பெருசா இழுத்தா இப்டித்தான் தெரியும். டெமோ வேற, கேபிள் வேற. கேபிள்காரன் கிட்ட HD பாக்ஸ் கேட்டு வாங்கிடு. இல்லன்னா புது டிவியும் பழைய டிவி மாதிரிதான்."

ஒவ்வொரு டிவியாக மாற்றி மாட்டினார்கள். வசந்தா திடீரென்று கடை நடுவில், தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. எழுந்திரு என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் என்னையும் இழுத்து உட்கார வைத்தாள். உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால், நின்று பார்க்கும்போது பளிச்சென்று இருந்த முகம் இருண்டு கிடக்கிறது. வாய் இருக்குமிடமே தெரியவில்லை.

நம்பாமல் பிரபுவும் உட்கார்ந்தான். "டேய், கீழ இருந்து பாத்தா கலரே வேறடா!" என்றான். சிவா உட்கார்ந்தான். முதலாளி முழங்காலில் கை வைத்துக் குனிந்து பார்த்தார். அந்த நேரம் ஒரு கஸ்டமர் உள்ளே வந்து, கடை ஆட்கள் எல்லாம் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வெளியே போகலாமா என்று யோசித்தார்.

இரண்டாம் வரிசையில் இருந்த நடுத்தர டிவி ஒன்று கீழே இருந்து பார்த்தாலும் முகம் கெடாமல் இருந்தது. வசந்தா அதைக் காட்டினாள். அது ஃபுல்லா, ரெடியா என்று சிவா சொன்னான். எனக்கு இப்போது நினைவில்லை.

5. சவுண்டு

டிவி வந்தது, HD பாக்ஸும் வந்தது. மாட்ட வந்த பையன் சவுண்டை ஏற்றி வைத்துவிட்டுப் போனான். நான் குறைக்கவில்லை. இத்தனை வருடம் கழித்து நம் வீட்டில் ஒரு சத்தம், இருக்கட்டுமே என்று விட்டேன்.

சாயங்காலம் அந்தச் சீரியல் வந்தது. முகங்கள் அப்படித் தெளிவாக இருந்தன. வசந்தா முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, கையால் கதையை ஆரம்பித்துவிட்டாள். அக்காவுக்கு உடம்பு சரியில்லை, தங்கை கஷாயம் வைத்துக் கொண்டுவருகிறாள் என்றாள்.

டிவியில் அந்தத் தங்கை, "அத்தை, இதக் குடிங்க" என்றாள்.

அத்தையா? நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர்கள் அக்கா தங்கை இல்லை, மாமியார் மருமகள். கஷாயத்தில் ஏதோ கலந்திருக்கிறது. மீசைக்காரன் வந்து குடிக்காதே என்று தடுக்கிறான். வீட்டைப் பிடுங்க வந்தவன் இல்லை அவன், அந்த வீட்டுப் பிள்ளை. வேறு சீரியலா என்று பார்த்தேன். அதே வீடு, அதே புடவை.

அப்போதுதான் கவனித்தேன். அவர்கள் வாய் மூடிய பிறகும் பேச்சு கேட்டது. பேச்சு நின்ற பிறகும் வாய் அசைந்தது. வேறு பாஷையில் எடுத்த சீரியலுக்குத் தமிழ்க் குரல் சேர்த்திருக்கிறார்கள். அந்த வாய்களில் தமிழே இல்லை. வசந்தா அதில் ஒரு வார்த்தைகூடப் படித்திருக்க முடியாது. இத்தனை வருடம் அவள் எனக்குச் சொன்ன கதை, அவளே சொன்ன கதை.

அவளுக்கு அந்த வாய்கள் புரிந்ததா, புரிந்ததாக நினைத்தாளா, புரியாமல் எனக்காகக் கட்டிச் சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அவள் என்னைப் பார்த்து, தங்கை கொடுத்த கஷாயத்தைக் குடித்து அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள் என்று கையால் சொன்னாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் ரிமோட்டைத் தேடி எடுத்தேன். எந்தப் பட்டன் என்று தெரியாமல் ஒவ்வொன்றாக அழுத்தி, சத்தத்தை நிறுத்தினேன்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வருகிறவரிடம் எத்தனை இன்ச் என்று கேட்பதற்கு முன்னால், வீட்டில் யார் பார்ப்பார்கள், எங்கே உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று கேளுங்கள். ஆள் பேசுகிற படம் போட்டுக் காட்டுங்கள். பேனலை அமுக்கித் துடைக்காதீர்கள். இதற்கு மேல் டிவியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

டிவி வந்த மறுநாள் நான் கடையில் துடைத்துக்கொண்டிருக்கும்போது சிவா வந்தான். "சவுண்டு எப்டிக்கீது ஆயா?"

"சவுண்டு வெக்கறதில்ல பா."

"ஏன், இன்னா ஆச்சு? வர்லியா? டெக்னீஷியன அனுப்பட்டா?"

"வேணாம் பா. அனுப்பாத" என்று சொல்லிவிட்டு, துணியை மடித்துக்கொண்டு அடுத்த டிவிக்குப் போனேன்.