முப்பத்தெட்டாம் நம்பர் சட்டை

திருநெல்வேலி டவுன் கீழரத வீதியில் ஐயம்பெருமாள் கடைக்கு ஒரு பேர் உண்டு. அங்கன சட்டை எடுத்தால் ஆளுக்கு வயசாகாது என்பார்கள். வேட்டி, சட்டை, பனியன், துண்டு, அவ்வளவுதான் சரக்கு. பொம்பளை உடுப்பு கிடையாது. வாடிக்கைக்காரர்கள் வருஷக்கணக்காக வேறு கடைப்படி மிதிக்காதவர்கள். பஸ் ஏறி வந்து எடுத்துப் போவார்கள்.

அந்த விசுவாசத்தை ஐயம்பெருமாள் ஊசி நூலால் தைத்து வைத்திருந்தார்.

ஆதியில் வள்ளியூர்க்காரர் ஒருத்தரிடம், “வயிறு போட்டுட்டு அண்ணாச்சி, இனி நாப்பத்திரண்டு எடுங்க” என்று உள்ளதைச் சொன்னார். மனுஷன் சிரித்துக்கொண்டேதான் போனார். போனவர் போனவர்தான். அதற்குப் பிறகு ஐயம்பெருமாள், பெரிய சட்டையின் காலருக்குள் இருக்கும் நம்பர் துணியைப் பிரித்துவிட்டு, சின்ன நம்பரை வைத்துத் தைத்துவிடுவார். வாடிக்கைக்காரருக்கு வயிறு வளரும், நம்பர் வளராது.

இப்படி வளராதவர்களுக்குத் தலைவர் சேரன்மகாதேவி சிவசண்முகம் பிள்ளை. ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். “எங்க கல்யாணத்தன்னைக்கும் முப்பத்தெட்டு, இன்னைக்கும் முப்பத்தெட்டு” என்று கடைக் கண்ணாடி முன்னால் நின்று வயிற்றைத் தடவிக்கொள்வார். உடம்பு என்னவோ நாற்பத்து நாலு.

தொண்ணூற்று ஆறு தை மாசம் பிள்ளையின் மகள் சித்ரலேகாவுக்குக் கல்யாணம். நாலு நாள் இருக்கையில் மனுஷன் ஒரு அட்டைப்பெட்டியோடு கடைக்குள் ஏறினார். வேர்த்து வழிந்தது.

“பாரும்வே, மதுரைச் சம்பந்தி எனக்கு எடுத்த பட்டுச் சட்டையை! முப்பத்தெட்டுன்னு தெளிவாத்தான் சொன்னேன். கையே உள்ள போகல. திணிச்சுப் போட்டா, பட்டனுக்கும் ஓட்டைக்கும் நடுவுல ஒரு சாண் கிடக்கு. சம்பந்திக்கு எடுக்குற சட்டையிலயே பிசுனாறித்தனம் பண்ணுதவன், என் மகளை எப்படி வச்சிருப்பான்?”

“கடைக்காரன் மாத்திக் குடுத்திருப்பான் அண்ணாச்சி.”

“ஒரு மண்ணும் இல்ல. அளவு கம்மி, விலையும் கம்மின்னு வாங்கியிருக்கான். நாளைக்கு மதுரைக்குப் போயி மூஞ்சில எறிஞ்சுட்டு, கல்யாணமே வேண்டாம்னு சொல்லப் போறேன். நீரும் வாரும். துணி தெரிஞ்ச ஆளு, சாட்சிக்கு வேணும்.”

ஐயம்பெருமாள் சட்டையை விரித்துப் பார்த்தார். உசத்தியான பட்டு. அசல் முப்பத்தெட்டு. வாயைத் திறந்தால் பிள்ளை போவார், அவர் பின்னால் சேரன்மகாதேவியே போய்விடும். திறக்காவிட்டால் ஒரு பொண்ணு கல்யாணம் நின்றுபோகும். அப்புறம் டேப்பை எடுத்துப் பிள்ளையின் நெஞ்சைச் சுற்றிப் பிடித்தார்.

“கோவப்படாதீங்க அண்ணாச்சி. சம்பந்தி மேல தப்பே இல்ல. உங்க அளவு நாப்பத்து நாலு. பத்து வருஷமா நான்தான் காலர்ல முப்பத்தெட்டை வச்சுத் தச்சு ஏமாத்துதேன். இந்தா, நீங்களே பாருங்க.”

பிள்ளை குனிந்து டேப்பைப் பார்த்தார். பிறகு ஐயம்பெருமாளைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“வே, எங்க வீட்டுக் கல்யாணம் நிக்கக் கூடாதுன்னு பழியை உம்ம தலையில போட்டுக்கிடுதீரே! டேப்பைக் கூட தளர்த்திப் பிடிச்சு கள்ள அளவு காட்டுதீரு. கூடப் பிறந்தவன் இதைச் செய்வானா?”

“ஐயோ, சத்தியமாச் சொல்லுதேன் அண்ணாச்சி…”

“பொய்ச் சத்தியம் வேற பண்ணாதேயும். புள்ளகுட்டிக்காரரு. உமக்காக அந்தப் பயலை மன்னிச்சுட்டேன், போதுமா?”

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. பந்தியில் ஐயம்பெருமாளுக்குத்தான் முதல் இலை. பிள்ளை அவர் கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சம்பந்தி முன்னால் நிறுத்தி, “இவரு இல்லன்னா இந்தக் கல்யாணமே இல்ல” என்றார். சம்பந்தி ஒன்றும் விளங்காமல் கும்பிட்டார்.

மாசி பிறந்ததும் சேரன்மகாதேவியில் இருந்து கடைக்குப் புதுசாகப் பதினோரு பேர் வந்தார்கள். “நேர்மையான ஆளுன்னு பிள்ளைவாள் சொன்னாரு” என்றார்கள். பதினோரு பேருக்கும் நல்ல தொந்தி.