வரப்புக்கு வந்த அரசாங்க உதவி

இன்று காலை லூனாஸ் மேட்டில் இருக்கும் எங்கள் சொந்த நிலத்துக்கு இப்போது எங்களை ஆளும் ஜப்பான்காரர்களின் அதிகாரி ஒருவர் வந்தார். மொழிபெயர்க்கக் கூடவே, நாங்கள் முன்பு வேலைபார்த்த தோட்டத்து அலுவலக எழுத்தரான கிராணி.

மழை மண்ணை அரித்துக்கொண்டு போகாமலிருக்க, நானும் வீட்டுக்காரரும் சரிவின் குறுக்கே வரப்புப் போட்டிருக்கிறோம். அதை உயர்த்த ஆள் தாருங்கள் என்று அலுவலகத்தில் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அதிகாரி கத்தினார்.

"வரப்ப ஒடச்சிட்டு அங்கயும் மரவள்ளி நடணுமாம், அக்கா" என்றார் கிராணி.

மறுத்தால் அறை விழும்.

"ஒடச்சிட்டாப் போச்சு" என்றேன்.

குனிந்து வணங்கிவிட்டு மண்வெட்டியால் ஒரே வெட்டு. தேங்கியிருந்த மழைநீர் செம்மண்ணோடு சரிவில் இறங்கியது. கீழே இருப்பது பழைய துரை பங்களா. இப்போது அங்கே குடியிருப்பவர் இதே அதிகாரிதான்.

தண்ணீர் அவர் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்ததை மூவரும் மேலிருந்து பார்த்தோம்.

அவர் கையை ஓங்கினார். ஆனால் உடைக்கச் சொன்னது அவரேதானே!

"மூடச் சொல்றாரு அக்கா, சீக்கிரம் மூடுங்க!"

மதியமே ஆட்கள் வந்து வரப்பை இடுப்பளவு உயர்த்திவிட்டுப் போனார்கள்.

அரசாங்க உதவி கிடைக்கவில்லை என்று புலம்புகிறவர்களே, உங்கள் நிலத்துக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள்?