எங்கள் மட்டக்குதிரைக்குத் தகுதி பார்த்த கதை

மெத்தை தைப்பது எங்கள் தொழில். புதுச்சேரி டவுனில் பள்ளிவாசலுக்கு அடுத்த தெருவில் சின்னக் கடை. எட்டாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. போட்டி, விதிமுறை என்பதெல்லாம் என் மகள் குதிரை ஏறத் தொடங்கிய பிறகு தெரிந்துகொண்டதுதான்.

பிள்ளைச்சாவடிக்குப் போகிற வழியில் ஒரு குதிரைப் பயிற்சிக் கூடம். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய சொல்தா ஒருவர் நடத்தினார். எல்லோருக்கும் அவர் மிஸ்யே. அவருக்கு மெத்தை கொண்டுபோன அன்று என் மகளும் வண்டியில் கூட வந்தாள். அன்று பிடித்த பைத்தியம்தான். பிறகு தவளக்குப்பம் பக்கம் கல்யாண ஊர்வலங்களுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மட்டக்குதிரையைச் சீட்டு எடுத்து வாங்கி, மிஸ்யே கொட்டகையிலேயே கட்டினேன். செம்பழுப்பு நிறம், நெற்றியில் மல்லிமொட்டு அளவுக்கு ஒரு வெள்ளை. சேணத்துக்கு அடியில் போடும் திண்டை, நீலக்கோடு போட்ட மெத்தைத் துணியில் நானே தைத்தேன்.

மகளைத் தூக்கி ஏற்றும்போதெல்லாம் "பிஸ்மில்லாஹ்" என்று வாய்விட்டுச் சொல்வேன். எந்தக் காரியத்துக்கும் அப்படிச் சொல்லித்தான் பழக்கம். அது காதில் விழுந்தால் போதும், குதிரை இரண்டு காதையும் நிமிர்த்தி, தலையைத் தூக்கி, காலை மாற்றி மாற்றி வைத்துக் கிளம்பத் தயாராகிவிடும்.

"இன்னா பாய் இது? நான் தொண்ட கிழிய அலே, அலேன்னு கத்துறேன், நவுர மாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்த சொன்னா பறக்குது" என்பார் மிஸ்யே. அலே என்றால் பிரெஞ்சில் கிளம்பு என்று அர்த்தமாம்.

"அது எங்க ஜமாத்துக் குதிர மிஸ்யே" என்பாள் மகள்.

பிள்ளைகளுக்கான தடை தாண்டும் போட்டி சென்னையில் நடக்கப்போகிறது என்று தெரிந்ததும், பெயர் கொடுத்தே ஆகவேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். மிஸ்யே போனில் விதிகளைப் படித்துச் சொன்னார். ஏறுகிற பிள்ளைக்கு வயது வரம்பு உண்டு. காசு வாங்கிக்கொண்டு குதிரை ஓட்டியவராக இருக்கக் கூடாது.

"மிஸ்யே, இது கல்யாணத்துக்கெல்லாம் கூலிக்குப் போன குதிரையாச்சே?" என்று பயந்துபோய்க் கேட்டேன்.

"குதிர சம்பாரிச்சா தப்பில்ல பாய். மேல ஏறுற ஆளு சம்பாரிச்சிருக்கக் கூடாது. உங்க பொண்ணு செலவு வெக்கிறதோட சரி" என்று சிரித்தார்.

எங்கள் கவலையெல்லாம் உயரத்தில் இருந்தது. பிடரி முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டில் அளப்பார்கள். குறித்த அளவைத் தாண்டினால் அது மட்டக்குதிரை இல்லை, பெரிய குதிரைகளோடுதான் நிற்கவேண்டும். எங்களுடையது அந்த எல்லையை ஒட்டி இருந்தது. லாடத்தைக் கழற்றிவிட்டு, சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி மிஸ்யே அளந்தார். நான் கண்ணை மூடி யாசீன் ஓதிக்கொண்டிருந்தேன். ஒரு விரற்கடை உள்ளே வந்துவிட்டது. மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்று அசர் தொழுதுவிட்டு, பள்ளிவாசலில் எல்லோருக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தேன்.

கடைசி விதியை நாங்கள் பெரிதாக நினைக்கவே இல்லை. ரத்தம் எடுத்து அனுப்பவேண்டும், கிளாண்டர்ஸ் என்ற நோய் இல்லை என்று சான்று வந்தால்தான் உள்ளே விடுவார்கள். "எல்லா குதிரைக்கும் கேக்குறதுதான்" என்றார் மிஸ்யே. கால்நடை மருத்துவர் வந்து ரத்தம் எடுத்தார். ஊசி குத்தும்போதும் அது அசையாமல் நின்றது. கொள்ளு தின்றது. மறுநாள் தடை தாண்டியது.

வடக்கே அனுப்பிய ரத்தத்துக்குப் பதில் வந்தது. நோய் இருக்கிறது என்று.

மருத்துவர் கொட்டகையைச் சுற்றிக் கயிறு கட்டினார். ஒருவரும் கிட்டே போகக் கூடாது, அந்த இடத்திலிருந்து எந்தக் குதிரையும் வெளியே போகக் கூடாது. இன்னொரு தடவை ரத்தம் எடுத்து அனுப்பினார்.

"ரெண்டாவதுல சரியா வந்துடும்ங்க. நான் நோன்பு நேந்துருக்கேன்" என்றாள் என் மனைவி. நேர்ந்தபடி நோன்பும் பிடித்தாள்.

இரண்டாவதும் அப்படியேதான் வந்தது.

"இது நல்லாத்தானேங்க இருக்குது? சளி இல்ல, புண்ணு இல்ல" என்று மருத்துவரிடம் கெஞ்சினேன்.

"சிலதுல வெளிய காட்டாது பாய், உள்ளயே கெடக்கும். மத்த குதிரைக்கும் தொத்தும், மனுஷனுக்கும் தொத்தும். வெச்சிருக்கச் சட்டத்துல எடமில்ல. ஊசி போட்டு முடிச்சுத்தான் ஆகணும்."

எங்களையும் ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். மூன்று பேரும் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கொடுத்தோம். எங்களுக்கு ஒன்றும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். என் மகள் மட்டும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே வந்தாள்.

"நான் அது மூஞ்சியில மூஞ்சி வெச்சித்தான் பேசுவேன். எனக்கு ஒண்ணுமில்லயாம். அதுக்கு மட்டும் எப்டி அத்தா?"

இறங்கும் இடம் நெருங்கும்போது, "போட்டிக்குப் பேர் குடுக்காம இருந்திருந்தா ரத்தமே எடுத்திருக்க மாட்டாங்க இல்ல?" என்றாள்.

"எடுக்காம வுட்டிருந்தா உனக்கு வந்திருக்கும்மா" என்றேன். அது உண்மைதான். ஆனால் தகுதி கிடைக்கவேண்டும் என்று தொழுகைதோறும் கை ஏந்திக் கேட்டவன் நான். அந்தக் கையை இப்போது எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஊசிக்குக் குறித்த நாள் காலையில் மகளை வீட்டில் விட்டுக் கிளம்பினேன். வாசல்வரை வந்தாள். "அத்தா, ஊசி போடும்போது பிஸ்மி யாரு சொல்லுவா?"

தின்பதற்கு அறுக்கும்போதுதான் பிஸ்மி கட்டாயம், இந்த ஊசிக்குத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் "நான் சொல்றேம்மா" என்றேன்.

கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டி வைத்திருந்தார்கள். சேணம், வாளி, நான் தைத்த நீலக்கோட்டுத் திண்டு எல்லாவற்றையும் ஒரு பக்கம் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். மிஸ்யே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குதிரை தலையைத் தொங்கப்போட்டிருந்தது. இத்தனை நாள் தனியாகக் கட்டிப்போட்டிருந்தது அதற்குப் பிடிக்கவில்லைபோல.

முகமூடியும் கையுறையும் போட்ட மருத்துவர், "பாய், கயித்துக்கு அந்தாண்டயே நில்லுங்க" என்றார். நின்றேன். அவர் ஊசியை எடுத்ததும், மகளுக்குக் கொடுத்த வாக்குப்படி, அதற்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன்.

"பிஸ்மில்லாஹ்."

குதிரையின் இரண்டு காதும் நிமிர்ந்தன. தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தது. காலை மாற்றி மாற்றி வைத்துக் கிளம்பத் தயாராக நின்றது.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள், "சொன்னீங்களாத்தா?"

"சொன்னேம்மா."

"அதுக்குக் கேட்டுச்சா?"

கேட்டது என்று மட்டும் சொன்னேன். மற்றதை இன்றுவரை சொல்லவில்லை.