என் ஞாயிறு, அவன் ஞாயிறு

லத்தீன் ராக் குழு ஒன்று நான் இருக்கும் துபாய்க்கு வருகிறது என்று தெரிந்த அன்றே இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒன்று எனக்கு, இன்னொன்று தோஹாவில் வேலை பார்க்கும் நண்பனுக்கு. திருச்சியில் கல்லூரி விடுதியில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு அந்தக் குழுவைக் கேட்டவர்கள் நாங்கள். ஸ்பானிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது; அதையே சத்தம்போட்டுப் பாடுவோம். அவனுடைய விமான டிக்கெட்டையும் நானே போட்டேன். சனிக்கிழமை காலை வருவது, ஞாயிறு இரவு திரும்புவது. எதையும் உடனே முடித்தாக வேண்டும் எனக்கு.

வந்தான். கராமாவில் என் அறைக்குக் கீழே இருக்கும் கடையில் சாப்பிட்டுவிட்டு மெட்ரோ ஏறினோம். மைதான வாசலில் கையில் பட்டை ஒட்டி உள்ளே விட்ட பிறகுதான் கேட்டான்.

"மாப்ள, ராத்திரி எத்தன மணிக்கு ஃப்ளைட்டு?"

"நாளைக்குத்தானடா?"

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு எனக்கு டியூட்டி!"

இங்கே சனியும் ஞாயிறும் விடுமுறை. தோஹாவில் வெள்ளியும் சனியும். நான் வந்த புதிதில் இங்கும் வெள்ளி, சனிதான். இங்கே மாறியதும் எல்லா நாட்டுக்கும் மாறிவிட்டது என்ற நினைப்பில் இருந்திருக்கிறேன்.

"அனுப்புன டிக்கெட்டப் பாக்கலயா?"

"வர்ற பக்கத்த மட்டும்தான் பாத்தேன். போறதுக்கா வந்தேன்?"

சிரித்தான், ஆனால் முகம் சரியில்லை. காய்ச்சலில் சொல்லாமல் இரண்டு நாள் படுத்துவிட்டதற்கு அவனுக்கு ஏற்கெனவே எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. இன்னொரு முறை கட்டிட சைட்டுக்கு வராவிட்டால் விசா கேன்சல் என்று ஃபோர்மேன் சொல்லியிருந்தார். கேன்சல் என்றால் ஊர்தான்.

ஃபோர்மேனைக் கூப்பிட்டு இந்தியில் கெஞ்சிப் பார்த்தான்.

"என்ன சொன்னார்?"

"'மாஃபி லேட், கலாஸ்'னு போன வெச்சிட்டார். லேட்டே கூடாதாம், அவ்ளோதானாம்."

மேடையில் விளக்கு எரிந்தது. முதல் அடியிலேயே கூட்டம் எகிறியது. நான் மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனை உயரத் தூக்கி நின்றேன். அத்தனை பேரும் வீடியோ அனுப்புகிறார்கள், எனக்கு விமான டிக்கெட் பக்கம் திறக்கவில்லை. சாப்பாட்டுக் கடைகளின் பின்னால் ஓடினேன். அங்கே இரண்டு கோடு சிக்னல் வந்தது. பத்தேமுக்கால் விமானத்தில் ஓர் இருக்கை இருந்தது. அவசரத்தில் அவன் பாஸ்போர்ட் எண்ணை இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

திரும்பி வந்து பார்த்தால், பயல் ஒரு பிலிப்பைன்ஸ் குடும்பத்தோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறான்! மேடையில் தாளக்காரர் தகர மேளத்தின் விளிம்பில் குச்சியால் விளாசினார்.

"மாப்ள, இவரு கொத்து பரோட்டா போடுறார்டா!" என்று காதில் கத்தினான்.

"சீட்டு கெடச்சிருச்சு. எட்டேகாலுக்குக் கெளம்பணும்."

"இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"இருபத்தஞ்சு நிமிஷம்."

"அப்ப மூடிட்டு ஆடு."

ஆட முடியவில்லை. பாட்டுக்கு நடுவில் மணி, மணிக்கு நடுவில் பாட்டு. ஷேக் ஜாயித் சாலையில் வண்டி நகருமா, கைப்பையை அறையிலிருந்து எடுக்க வேண்டாமா? பாஸ்போர்ட் சட்டைப்பையில் இருக்கிறது, பை கிடக்கட்டும் என்றான். கிதார்க்காரர் கண்ணை மூடி ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டு நின்றார். எட்டு இருபது ஆகிவிட்டது. அவன் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார். வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாதாம். நான் அப்படியே நின்றுவிட்டேன். கூடப் போக வேண்டும் என்றுதான் வந்தேன். ஆனால் கால் எழவில்லை. பின்னால் மேளங்கள் மறுபடி ஆரம்பித்திருந்தன.

"ஏர்போர்ட்டுக்கு எனக்கு வழி தெரியாதா? உள்ள போடா," என்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டு, டாக்ஸி வரிசையைப் பார்த்து ஓடினான்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் வாசித்தார்கள். என்ன வாசித்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. 'கேட் வந்தாச்சு' என்று செய்தி வந்தபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது.

கராமாவில் கட்டிலில் புரண்டேன். தோஹா எங்களைவிட ஒரு மணி நேரம் பின்னால். காலை ஆறேமுக்காலுக்குப் போன் அதிர்ந்தது. சைட் வாசலில் விரலை வைத்து வருகையைப் பதியும் இயந்திரத்தின் படம், அதில் அவன் பெயர், 5:44.

'பஞ்ச் பண்ணிட்டேன். இன்னும் கால் ஆடிட்டே இருக்கு மாப்ள. நீ தூங்கு, உனக்கு லீவு.'

மேல் கட்டிலிலும் எதிர்க் கட்டிலிலும் குறட்டை. போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்து, அவனுக்குப் போன் போட டீ இடைவேளை எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதினேன்.