இரண்டு மணிப் படகு

போன கிழமை மகள் தன் போனில் ஒரு படம் காட்டினாள். நோர்வேயில் ஓர் ஏரி. அதன் மறுகரையில், மலை நாக்கை நீட்டியதுபோல இறங்கி நிற்கும் நீலப் பனி. வருடத்துக்கு வருடம் அது உருகிப் பின்னால் போகிறதாம். "நீங்கள் சின்னனிலை அங்கை போனனீங்கள்தானே அப்பா? கிட்டப் பார்த்தனீங்களோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஆறாத கோபம்.

அப்போது எனக்குப் பத்து வயது. நாங்கள் கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடியில் இருந்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, நோர்வேயில் மீன் பதனிடும் இடமொன்றில் வேலை செய்தார். அந்தக் கோடையில் அவரிடம் போனோம். கடைசிக் கிழமை அவர் எங்கள் மூவரையும் தன் பழைய காரில் ஏற்றிக்கொண்டு நாடு சுற்றப் புறப்பட்டார். போகிற வழியெல்லாம் மலை, சிவப்புப் பலகை வீடுகள், ஹோர்ன் அடித்தாலும் எழும்பாமல் நடு ரோட்டில் படுத்திருக்கும் செம்மறிகள். அம்மா கண்ட இடத்திலெல்லாம் காரை நிறுத்தச்சொல்லி காஸ் அடுப்பில் சோறு வடித்தாள். எனக்கு அது ஒன்றிலும் மனம் இல்லை. நான் காத்திருந்தது படகுக்கு.

"பனிக்குப் பக்கத்திலை கொண்டுபோய் இறக்குவாங்கள், மருமகன். கையாலை தொடலாம்" என்று மாமா டெலிபோனிலேயே சொல்லியிருந்தார். நான் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை. பெயர் கேட்டாலே காது சிவந்துவிடும். அப்படிப்பட்ட நான், விடுமுறைக்கு முதல்நாள் கை உயர்த்தி, ஆயிரமாயிரம் வருடப் பனியைத் தொடப் போகிறேன் என்று எல்லோர் முன்னாலும் பிரெஞ்சில் சொன்னேன். அந்த வருடம் முழுக்க நான் கை உயர்த்தியது அந்த ஒருமுறைதான். தொடாமல் திரும்பிப் போனால் என் கதி என்ன?

எங்களுக்கு வாய்த்தது ஒரே ஒரு நாள். அன்றைய கடைசிப் படகு இரண்டு மணிக்கு. அடுத்த நாள் விமானம். பதினொரு மணிக்கே ஏரிக்கு இருபது நிமிடத் தூரத்தில் வந்துவிட்டோம். அங்கேதான் அப்பா காரை நிறுத்தச் சொன்னார். அன்றைக்கு ஆடி அமாவாசையாம். விரதமாம்.

அதற்கு முன் எந்த ஆடியிலும் அப்பா விரதம் இருந்து நான் பார்த்ததில்லை. அம்மா மூன்று கறி வைத்தாள். மொன்ட்ரியாலிலிருந்தே கொண்டுவந்த பாவற்காய் வற்றலையும் பொரித்தாள். வாழையிலை இல்லாததால் அலுமினியத் தாளில் சோற்றைப் படைத்து, அப்பா கும்பிட்டு, ஒரு பிடியைக் கொண்டுபோய்ப் பாறையில் வைத்தார். காகம் எடுத்த பிறகுதான் சாப்பாடு. எனக்கும்தான்.

காகம் வரவில்லை. கறுப்பும் வெள்ளையுமாக நீண்ட வால் வைத்த பறவை ஒன்று வந்தது. அம்மா அதைத் துரத்தினாள். அப்பா பாறைக்குப் பக்கத்தில் நின்று "கா, கா" என்று கூப்பிட்டார். சைக்கிளில் வந்த வெள்ளைக்காரச் சோடி ஒன்று காலை ஊன்றி நின்று பார்த்தது. வெட்கத்தில் நான் காருக்குப் பின்னால் குந்திக்கொண்டேன்.

பன்னிரண்டரைக்கு வேலியில் ஒன்று வந்து இருந்தது. தலையும் செட்டையும் கறுப்பு, உடம்பு சாம்பல்.

"உது காகமே?" என்றாள் அம்மா.

"காகம்தான் அக்கா. இந்த நாட்டுக் குளிருக்கு வெயிஸ்ட்கோட் போட்டிருக்கு."

"பகிடி விடாதை. காகமெண்டால் கறுப்பெல்லோ?"

"அப்ப இஞ்சை நான் கறுப்புக் காகத்துக்கு எங்கை போறது? நீ கையை ஆட்டாமல் நில், அது பயப்படுது."

அது பறந்துபோனது. வந்தது. மறுபடியும் பறந்தது. ஒரு மணியானது. எனக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. அதைவிடப் படகு கிள்ளியது. என் முகத்தைப் பார்த்த மாமா, "அத்தான், நான் மருமகனைப் படகிலை ஏத்திப்போட்டு வாறன். நீங்கள் நிண்டு பாருங்கோ" என்றார். நான் கார்க் கதவைத் திறந்தேவிட்டேன்.

"இல்லை. அவன் நிக்கவேணும்" என்றார் அப்பா. "நான் ஒராள் நிண்டால் காணாது."

ஏன் காணாது? சோறு வைத்தது அவர். விரதம் அவருடையது. ஒரு பறவை சாப்பிடுவதைப் பார்க்க எத்தனை பேர் வேண்டும்? இதெல்லாம் நெஞ்சுக்குள் கொதித்ததே தவிர வாயில் ஒன்றும் வரவில்லை. அவர் என் தோளைப் பிடித்துப் பாறைக்கு முன்னால் நிறுத்தினார். கையை எடுக்கவேயில்லை.

இரண்டுக்கு அரை மணி இருக்கும்போது அந்த வெயிஸ்ட்கோட் காகம் இறங்கி, ஒரு வாய் எடுத்துக்கொண்டு போனது. அதன் பிறகும் என்னை விட்டார்களா? உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிட்டுத்தான் எழும்பவேண்டுமாம். ஏரிக்கரைக்கு வந்தபோது படகு மறுகரையில் ஒரு புள்ளியாக நின்றது.

மாமா என்னைச் சமாதானப்படுத்தக் கடையில் பனிமலைப் படம் போட்ட தபாலட்டை ஒன்று வாங்கித் தந்தார். பனியைத் தொடுவேன் என்று வந்தவனுக்கு அட்டை! அழுகையை அடக்கிக்கொண்டு பேனை கேட்டேன். ஏழு வயது வரை என்னை வளர்த்தவர் ஊரில் இருந்த அப்பப்பா, அப்பாவின் அப்பா. மாதம் ஒருமுறை அவருக்குத் தமிழில் கடிதம் எழுதுவேன். அப்பா கொண்டுபோய்ப் போடுவார். வாயால் சொல்லமுடியாததை எழுதிவிடலாம் என்று எழுதினேன்:

"அன்புள்ள அப்பப்பா, அப்பா ஒரு காகத்துக்காக என்னைப் பட்டினி போட்டார். படகும் போய்விட்டது. நீங்கள் அவருக்கு ஏசிக் கடிதம் போடுங்கோ. நல்லா ஏசுங்கோ."

வேண்டுமென்றே அப்பாவின் கையில் கொடுத்தேன். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"முடிச்சிட்டியோ?" என்று மட்டும் கேட்டார்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமா, "அத்தான், விடுங்கோ" என்றார்.

ஆடி அமாவாசை விரதம் தகப்பன் இல்லாதவர்கள் பிடிக்கிறது. அந்தக் காரில் இருந்த மூன்று பெரியவர்களில் ஒருவர்கூட அதை எனக்குச் சொல்லவில்லை. அப்பப்பா மாசியிலேயே போய்விட்டார். பிள்ளை தாங்கமாட்டான், பேந்து சொல்லலாம், பேந்து சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, பாடசாலை தொடங்கிக் குளிரும் வந்த பிறகுதான் சொன்னார்கள். அதுவரை இல்லாத மனிதருக்கு என்னைக் கடிதம் எழுதவிட்டார்கள். சுகமா என்று கேட்டிருக்கிறேன். மூக்குக்கண்ணாடி கிடைத்ததா என்று கேட்டிருக்கிறேன். படகை விட்டதையாவது மன்னிக்கலாம். இதை என்னால் இன்னும் முடியவில்லை.

ஆனால் அன்றைக்கு அப்பா கடைக்கு வெளியே இருந்த மேசையில் குனிந்து, இனித் தன்னை ஏச ஆள் இல்லாத அந்த வீட்டின் முகவரியை ஓர் எழுத்தும் விடாமல் எழுதினார். முத்திரை ஒட்டினார். அட்டையைச் சிவப்புப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, கையை அதன் வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நான் செய்த முறைப்பாட்டில் பயந்துபோய்விட்டார் என்று நினைத்தேன். நன்றாக வேண்டும் என்று காருக்குள் ஏறி, அவருக்குக் கேட்கட்டும் என்று கதவை அடித்துச் சாத்தினேன்.